மணலில் எழுதிய நாள்வழி
2004-க்கு முன் வந்த ஆழிப்பேரலைகளும் நம் பழைய கடல்வழியும்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பல மாதம் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இப்படி ஒண்ணு இதுக்கு முன்னே வந்ததே கிடையாது." கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவப் பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள், படித்த அதிகாரிகளும் அதைத்தான் சொன்னார்கள். சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லே நம்மில் பெரும்பாலோருக்கு அன்றைக்குத்தான் அறிமுகம். நம் சங்கத்து அங்கத்தினர்களில் நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துச் சொந்தங்களை அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இழந்தவர்கள் உண்டு. அவர்கள் அழுகையிலும் இதே வார்த்தை இருந்தது.

வந்ததே இல்லை என்பது உண்மைதானா? அடுத்த பதினைந்து வருஷத்தில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கடற்கரை மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்த பதில் தமிழ் வாசகர்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பதிலில் நம் வரலாறும் கலந்திருக்கிறது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

ஏட்டில் இல்லாதது

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு, சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தட்டு பிளக்கத் தொடங்கியது. பிளவு அங்கேயே நிற்கவில்லை. வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் தீவுகளை ஒட்டிச் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள 14 நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல்.

அதற்கு முன்பு நம்மிடம் இருந்த எழுத்துப்பூர்வமான கணக்கு என்ன? 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் ஒன்று. அதனால் எழுந்த அலை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த துறைமுகங்களின் கடல்மட்ட அளவுகோல்களில் பதிவானது. ஆனால் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோதும் நம் கரையில் கடல் ஏறி இறங்கியது, பெரிய சேதம் இல்லை. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைப் புரட்டினால் அவ்வளவுதான். எனவே இந்தப் பக்கத்துக் கடலுக்குப் பேரலைக் குணம் கிடையாது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

நான் வியாபாரி. எனக்கு இந்த நிம்மதி விசித்திரமாகத்தான் படுகிறது. ஒரு கடையின் பேரேடு 1850-இல் தொடங்குகிறது என்றால், அதற்கு முன்னே அந்தக் கடைக்குக் கடனே இல்லை என்று யாராவது முடிவு கட்டுவார்களா? பழைய நாள்வழி எங்கே என்றுதானே தேடுவோம். கடற்கரைக்கும் பழைய நாள்வழி ஒன்று இருக்கிறது. அது மணலில் எழுதப்பட்டது.

மணல் எப்படிச் சாட்சி சொல்கிறது?

பேரலை கரையேறும்போது வெறும் தண்ணீராக வருவதில்லை. கடலடி மணலையும் கரை மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. உள்ளே ஓடி வேகம் குறையும் இடத்தில் அந்த மணலைப் போர்வை மாதிரி விரித்துவிட்டுத் திரும்புகிறது. மேட்டு நிலத்தில் விழுந்த மணல் காற்றிலும் மழையிலும் கலைந்து போகும். வண்டு, நண்டு, மரவேர் எல்லாம் கிளறிவிடும். உழுத நிலமானால் கேட்கவே வேண்டாம். ஆனால் கரைக்கு இணையான மணல்மேடுகளுக்கு நடுவே தாழ்வான சதுப்புப் பள்ளங்கள் இருக்குமே, அங்கே விழுந்த மணல் மாத்திரம் அப்படியே தங்கிவிடும். அதன் மேல் புல் முளைத்து, மக்கி, கறுப்பு மண் படியும். அடுத்த பேரலை வரும்போது அந்தக் கறுப்பு மண்ணின் மேல் மறுபடி வெள்ளை மணல். இப்படி வெள்ளையும் கறுப்புமாகப் பக்கங்கள் சேருகின்றன.

அது பேரலை மணல்தான், வேறு இல்லை என்று எப்படித் தெரியும்? சில அடையாளங்கள் உண்டு. மணல் அடுக்கு கடலோரத்தில் தடித்தும் உள்ளே போகப் போக மெலிந்தும் இருக்கும். ஓர் அடுக்குக்குள்ளேயே கீழே பெருமணல், மேலே நொய்மணல் என்று படிந்திருக்கும், ஏனென்றால் கனமானது முதலில் இறங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கடலில் மட்டுமே வாழும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் தெரியும். அலை பெயர்த்தெடுத்த கறுப்பு மண் கட்டிகள் மணலுக்குள் சிக்கியிருக்கும். இவற்றோடு, 2004-இல் விழுந்த மணல் கண் முன்னாலேயே இருக்கிறது. பழைய அடுக்கை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம். கையெழுத்தைச் சரிபார்க்க மாதிரிக் கையெழுத்து கிடைத்தது போல.

காலத்தைக் கணிப்பது கரிமக் காலக்கணிப்பு முறையில். மணலுக்கு நேர் கீழே மக்கியிருக்கும் இலை, மரப்பட்டை ஆகியவற்றின் வயதைக் கண்டுபிடித்தால், அலை அதற்குப் பிறகுதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். துல்லியமான வருஷம் கிடைக்காது. ஒரு நூற்றாண்டு முன்னே பின்னே என்ற எல்லைதான் கிடைக்கும். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தங்கப் புத்தர் தீவு

தாய்லாந்தின் மேற்குக் கரையில், புக்கெட்டுக்கு 125 கிலோமீட்டர் வடக்கே, பிரா தோங் என்று ஒரு தீவு. பெயருக்குத் தங்கப் புத்தர் என்று அர்த்தம். தீவின் மேற்குப் பகுதி முழுக்கப் புல்வெளி. கரைக்கு இணையாக வரிசை வரிசையாக மணல்மேடுகள், நடுவில் சதுப்புப் பள்ளங்கள். 2004-இல் அலை இந்த வெளியைக் கடந்து வெகு தூரம் உள்ளே ஓடியது. பள்ளங்களில் 20 சென்டிமீட்டர் வரை மணல் போட்டுவிட்டுப் போனது.

பாங்காக்கின் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குருவாவுன் ஜான்கேவ் என்ற பெண்மணியும், அமெரிக்க நிலவியல் துறையின் பிரையன் ஆட்வாட்டரும், மற்ற கூட்டாளிகளும் அங்கே குழி தோண்டிப் பார்த்தார்கள். 2004 மணலுக்குக் கீழே கறுப்பு மண். அதற்குக் கீழே அதே மாதிரி இன்னொரு வெள்ளை மணல். அதற்கும் கீழே இன்னும் பழையவை. 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தப் பள்ளங்களில் 2,800 ஆண்டு வரலாறு இருக்கிறது. 2004-க்கு முந்திய, அதே பருமனுள்ள பேரலை, இன்றைக்கு 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்னே வந்திருக்கிறது.

அந்தக் கரையில் புயலின் வேலையாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் நம் பக்கமும் வங்காளம், பர்மா பக்கமும் போகின்றன. தாய்லாந்தின் அந்த மூலைக்குப் பெரும்புயல் வருவது மிக அரிது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இரண்டு விஷயம் இருக்கிறது. கடலடிப் பிளவு தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. அப்படிப்பட்ட பிளவு எழுப்பும் அலையின் பலம் முக்கியமாகக் கிழக்கும் மேற்குமாகப் பாயும். கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கையும் சோழமண்டலக் கரையும். ஆகவே பிரா தோங் மண்ணில் பதிவான கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் ஒரு பங்கு இருக்க நியாயம் உண்டு.

இரண்டாவது விஷயம் சரித்திரம். பிரா தோங்குக்கு அடுத்தாற்போல் தெற்கே இருக்கும் தீவு கோ கோ காவ். அங்கே துங் துக் என்ற இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய துறைமுகத்தின் மிச்சங்கள், சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, மணிகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. எதிர்க்கரையில் தகுவாபா. நம் கல்வெட்டு அன்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் வணிகர் குழு. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலமும் இந்தப் பகுதிதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சதுப்பு, பவளம், குகை

ஒரே ஒரு சாட்சியை வைத்து வழக்கை முடிக்கக் கூடாது. பிரா தோங் ஆய்வு வெளியான அதே சமயத்தில், கத்ரின் மோனெக்கே என்பவரின் குழு சுமத்ராவின் மேற்குக் கரையில் மூலபோ என்ற ஊருக்கு அருகே சதுப்புகளில் துளையிட்டுப் பார்த்தது. அங்கே 2004 மணலுக்குக் கீழே இரண்டு பழைய மணல் அடுக்குகள். ஒன்று கி.பி. 1290-க்கும் 1400-க்கும் இடையில், மற்றொன்று 780-க்கும் 990-க்கும் இடையில் விழுந்தது.

மூன்றாவது சாட்சி பவளம். சுமத்ராவுக்கு மேற்கே சிமுலுவே தீவு, 2004 பிளவின் தென்கோடியில் இருக்கிறது. பவளப்பூச்சி தண்ணீர் மட்டத்துக்கு மேலே உயிரோடு இருக்காது. நிலநடுக்கத்தில் தீவு உயர்ந்தால் தண்ணீருக்கு வெளியே வந்த பகுதி செத்துவிடும். மரத்துக்கு வருஷ வளையம் இருப்பது போலப் பவளத்துக்கும் வருஷ வரி உண்டு. ஆரோன் மெல்ட்ஸ்னர் குழுவினர் அந்த வரிகளை எண்ணி, யுரேனியம், தோரியம் கணிப்பையும் சேர்த்து, 1394-ஐ ஒட்டியும் (இரண்டு வருஷம் முன்னே பின்னே) 1450-ஐ ஒட்டியும் (மூன்று வருஷம் முன்னே பின்னே) பெரிய நிலநடுக்கங்கள் நடந்ததைக் காட்டினார்கள்.

நான்காவது சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பண்டா அச்சே அருகே கடலோரத்தில் ஒரு குகை. வாசலில் பாறைத் திட்டு இருப்பதால் சாதாரண அலையும் புயலலையும் உள்ளே மணலைக் கொண்டுவர முடியாது. பேரலை வந்தால் மட்டும் மணல் உள்ளே போகும். நடுவில் இருக்கும் காலத்தில் உள்ளே வாழும் வௌவால்களின் எச்சம் கறுப்பாகப் படியும். ஆக மணல், எச்சம், மணல், எச்சம் என்று யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதின மாதிரி இருக்கிறது. சார்லஸ் ரூபினும் கூட்டாளிகளும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைக்கு 7,400 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2,900 ஆண்டுகளுக்கு முன் வரை குறைந்தது 11 பேரலைகள் அந்தக் குகைக்குள் புகுந்திருக்கின்றன.

பதினொன்று என்றதும் நம்ம ஆட்கள் உடனே வகுத்துப் பார்ப்பார்கள், சராசரி நானூறு வருஷம் என்பார்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரு சமயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமே வரவில்லை. இன்னொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு வந்திருக்கின்றன. 1394-க்கும் 1450-க்கும் நடுவே வெறும் 56 வருஷம். மழைக்கணக்கில் சராசரியை நம்பிக் கடன் கொடுத்தவன் கதை வியாபாரிகளுக்குத் தெரியும். "இப்பத்தான் வந்துட்டுப் போச்சு, இனி ஐந்நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சொல்ல இந்தக் குகை அனுமதிக்கவில்லை.

இலாமுரி தேசம்

இனி மனிதர்களின் கதைக்கு வருவோம். 1025-இல் இராசேந்திரனின் கடற்படை சென்ற இடங்களின் பட்டியலை மெய்க்கீர்த்தி தருகிறது. அதில் இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்ற பெயர்களைப் பாருங்கள். மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரி, சுமத்ராவின் வடகோடியில் இருந்த லாமுரி. அரபு, சீன நூல்களிலும் மார்க்கோ போலோவின் குறிப்பிலும் வருகிற அதே ஊர். சோழர் பட்டியலில் தக்கோலத்தையும் சேர்த்துக்கொண்டு வரைபடத்தில் புள்ளி வைத்தால், 2004 பிளவும் அதன் அலையும் போன வழி அப்படியே கிடைக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. கப்பல்கள் வங்கக்கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் வாசல் அதுதான். தட்டுகள் மோதுவதால்தான் அங்கே தீவு வரிசையே எழுந்தது. வணிகனுக்கு ஒதுங்க இடம் கொடுத்த அதே நிலம்தான் அலையையும் எழுப்பியது.

தமிழ் வணிகர்கள் அந்தப் பக்கத்தில் தங்கி வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. கற்பூரம் தேடிப் போனவர்கள். பண்டா அச்சே பகுதியிலேயே சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது.

அந்தக் கரையில் 1394-ஐ ஒட்டி என்ன நடந்தது? பாட்ரிக் டேலி தலைமையில் ஒரு குழு பண்டா அச்சே பக்கத்துக் கரையை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்தது. பல்லாயிரம் பானை ஓடுகளையும், 5,000-க்கு மேற்பட்ட செதுக்கிய கல்லறைக் கற்களையும் இடம் வாரியாகக் குறித்து, அவற்றின் காலத்தைக் கணக்கிட்டது. 2019-இல் வெளியான முடிவு இது: 40 கிலோமீட்டர் கரையில் ஒன்பது குடியிருப்புகள் செழிப்பாக இருந்தன. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவை ஒரே சமயத்தில் அடங்கிப் போயின. அதற்குப் பிறகு நெடுங்காலத்துக்கு அங்கே பீங்கானும் இல்லை, புதுக் கல்லறையும் இல்லை. அலை எட்டாத குன்றின் மேல் இருந்த ஒரே ஓர் ஊர் தப்பியது. அதுதான் லாமுரி. 15-ஆம் நூற்றாண்டு முழுக்க வியாபாரம் அங்கே ஒதுங்கியது. சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் அந்தப் பக்கம் போனபோது பார்த்த லாமுரி, அழிவுக்குப் பிறகு குன்றில் நின்ற அந்த லாமுரிதான்.

அடுத்து நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் லாமுரி கைவிடப்பட்டது. அழிந்து போன அந்தத் தாழ்ந்த கரைக்கே மறுபடியும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் அச்சே சுல்தானகம் எழுந்து, மலாக்கா நீரிணையின் பெரிய சக்தியாக வளர்ந்தது. துறைமுகத்துக்குச் சமவெளியும் ஆற்று முகமும் வசதி, குன்று வசதிப்படாது. வந்தவர்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னே நடந்தது தெரிந்திருக்குமா? தெரிந்தும் வந்தார்களா? எப்படியோ, 2004-இல் அந்தச் சமவெளிதான் மறுபடி முதல் அடியை வாங்கியது. ஒரு குற்றமாக இதை நான் சொல்லவில்லை. பிழைப்பு இருக்கிற இடத்துக்கு மனுஷன் போவான். நாமெல்லாம் சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து கடை போட்டதும் அதே கணக்கில்தானே.

நம் கரையில் என்ன கிடைத்தது?

இங்கே நிதானம் வேண்டும். எங்கள் நயினார் குடும்பங்களில் சிலப்பதிகாரத்தைச் சொந்த நூலாகவே பாவிப்போம். பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டது என்ற சேதி அதில் இருக்கிறது. மணிமேகலையிலோ, இந்திர விழாவை மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டது என்ற கதை வருகிறது. 2004-க்குப் பிறகு வந்த எத்தனையோ மலர்களில், "பார்த்தீர்களா, காப்பியம் சொன்னது நிரூபணமாகிவிட்டது" என்று எழுதினார்கள். அவ்வளவு அவசரம் கூடாது.

நிலவியலாளர் சி.பி. இராசேந்திரன் குழுவினர் மாமல்லபுரத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் தோண்டிப் பார்த்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கடல் மணல் அடுக்கு ஒன்று கிடைத்தது. சோழர் காலத்துப் பேரலை விட்டுச் சென்றது என்பது அவர்கள் கருத்து. சுமத்ராவில் 780-க்கும் 990-க்கும் இடையில் விழுந்த அடுக்கோடு இது பொருந்தலாம். ஆனால் மணிமேகலையோடு பொருந்தாது. அந்தக் காப்பியத்தின் காலத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் இந்த மணலுக்குப் பல நூற்றாண்டு முன்னதாகவே வைக்கிறார்கள். பிந்தி விழுந்த மணல் முந்தி எழுதின பாட்டுக்குச் சாட்சி சொல்ல முடியுமா? தேதி தப்பின ரசீதைக் கணக்குப்பிள்ளை ஏற்பாரா?

இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. நம் கரை புயல் கரை. 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது புயல். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை உலுக்கியது புயல். புயலலையும் மணல் போடும். தாய்லாந்தில் இல்லாத இந்தக் குழப்பம் இங்கே எப்போதும் இருக்கும். மற்றது, மெதுவான கடலரிப்பு. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, தலைமுறை தலைமுறையாகத் தின்றது. ஒரு நாளில் வந்த அலை இல்லை. கடலுக்குள் கல் கிடைத்த இடமெல்லாம் பேரலையின் வேலை என்று சொல்லிவிட முடியாது. பழைய ஊர் கடலுக்குள் போனதற்கு இப்படிப் பல வழி உண்டு.

குமரிக்கண்டத்துக்கும் இந்த மணலுக்கும் சம்பந்தமே இல்லை. பேரலை சில மணி நேரம் வந்து போகும், கண்டத்தை முழுகடிக்காது. ஏடு சொல்வதை ஏடாகவும் மண் சொல்வதை மண்ணாகவும் தனித்தனியாக எழுதி வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் கூட்டுவதுதான் நேர்மை. அப்படிப் பார்த்தாலும் நமக்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. நாகப்பட்டினமும் காவிரிப்பூம்பட்டினமும் இருக்கும் கரைக்குப் பேரலை புதுசு இல்லை என்ற முடிவு கிடைக்கிறது. அதுவே போதும்.

தாலாட்டில் வந்த எச்சரிக்கை

நினைவு எவ்வளவு காலம் தாங்கும்? சிமுலுவே தீவில் 1907 ஜனவரி 4-இல் நிலநடுக்கமும் பேரலையும் வந்து ஏராளமானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அந்த அலைக்கு ஸ்மோங் என்று பேர் வைத்து, கதையாகவும் பிள்ளைகளுக்குப் பாடும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக ஆடி, பிறகு கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் செய்தி. 2004-இல் பிளவுக்கு மிக அருகில் இருந்த தீவு அது. ஜனத்தொகை சுமார் 78,000. இறந்தவர்கள் ஏழு பேர்.

1907 நினைவு 97 வருஷம் தாங்கியது. 1394-ன் நினைவு எந்தத் தாலாட்டிலும் இல்லை. பாட்டி பேத்திக்குச் சொல்லும் சங்கிலி நாலைந்து தலைமுறைக்கு மேல் போவது கஷ்டம். அதற்கப்பால் மணல்தான் பேச வேண்டும்.

நம் கரைக்கு ஸ்மோங் முறை முழுசாக உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பிளவு நமக்குத் தொலைவில் இருக்கிறது. 2004-இல் சென்னையில் சிலர் லேசான ஆட்டத்தை உணர்ந்தார்கள், பலருக்குத் தெரியவே இல்லை. ஆனால் தொலைவே நமக்கு ஒரு வரவும் வைத்திருக்கிறது: நேரம். நிலநடுக்கத்துக்கும் அலை நம் கரையைத் தொட்டதற்கும் நடுவே சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த இரண்டரை மணி நேரம் அன்று யாருக்கும் பயன்படாமல் போனதுதான் பெரிய நஷ்டம். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சென்னையில் ஜனங்கள் கட்டிடங்களை விட்டு வெளியே வந்தார்கள், எச்சரிக்கையும் உடனே வந்தது. அந்தத் தடவை தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று அப்போது சிலர் சலித்துக்கொண்டார்கள். கடை எரியாத வருஷம் இன்ஷூரன்ஸ் பணம் வீண் என்று சலிப்பது போலத்தான் அது.

ஐந்தொகை

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்க்கிறேன். 2004 பேரலை முதலாவது இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அதற்குச் சமமான ஒன்று வந்ததற்குத் தாய்லாந்து மணல், சுமத்ரா மணல், சிமுலுவே பவளம், அச்சேயின் பானை ஓடு என நான்கு தனித்தனிச் சாட்சிகள் கிடைக்கின்றன. மணலின் காலக் கணிப்புக்கு எல்லை அகலம் என்பதால், நான்கும் ஒரே நாளைக் குறிப்பதாகச் சத்தியம் செய்ய முடியாது. சில மணல் 1450-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அலை வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அடுத்தது எப்போது என்று மணல் சொல்லாது. வரும் என்று மட்டும் சொல்கிறது.

நம் சங்கத்து இளைஞர்களில் நிலவியலும் தொல்லியலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வேதாரண்யம் முதல் பழவேற்காடு வரை நம் கரையின் சதுப்புகளை, கட்டிடமும் இறால் பண்ணையும் மூடிவிடும் முன்னால், தோண்டிப் படிக்க வேண்டிய வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. கல்வெட்டைப் படியெடுத்தது போல மணலையும் படியெடுக்க வேண்டும். பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2004 அன்று உங்கள் ஊரில் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, எந்தக் கோயில் படியைத் தொட்டது, எத்தனை நாழிகை நின்றது என்பதைப் பேரன் பேத்திகளிடம் சொல்லி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஐந்நூறு வருஷம் கழித்து அந்தக் கரையில் குழி தோண்டுகிறவனுக்கு, மணலோடு சேர்த்து நம் கையெழுத்தும் கிடைக்கட்டும்.